டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் வாங்கப் போகும்போது நாம் எதை எதையோ கேட்கிறோம். மைலேஜ் எவ்வளவு, முன்னால் இருக்கும் திரை எத்தனை அங்குலம், என்னென்ன நிறத்தில் கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறோம். டிக்கியின் தரையைத் தூக்கி அடியில் ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம், இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது இருக்கும் என்றே நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். விற்றவரும் சொல்லவில்லை. வாங்கி நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு ஒரு மழை இரவில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

உறவினர் வீட்டிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்று கண்ணில் படவில்லை, முன்சக்கரம் அதன் விளிம்பில் ஓங்கி அடித்தது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல். சரி, ஸ்டெப்னியை மாட்டிவிடலாம் என்று டிக்கியைத் திறந்து தரைப் பலகையைத் தூக்கினேன். சக்கரம் இருக்க வேண்டிய வட்டக் குழியில் சாம்பல் நிற நுரைத் தட்டு ஒன்று, அதில் செங்கல் அளவில் ஒரு சின்னக் காற்றடிக்கும் பம்பு, பக்கத்தில் ஒரு பாட்டில். அவ்வளவுதான். கைப்பேசி வெளிச்சத்தில் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். பக்கச்சுவர் கிழிந்தால் இது பயன்படாது என்று அதிலேயே போட்டிருந்தது. அதன் காலாவதித் தேதியும் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா காருக்குள் முழங்காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

அந்தப் பாட்டில் எதற்குத்தான் ஆகும்? அதில் இருப்பது ரப்பர் பால் போன்ற ஒரு திரவம். வால்வு வழியாக டயருக்குள் செலுத்தி, பம்பால் காற்றடித்து, உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால் அது உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். பிறகு நிறுத்தி மறுபடி காற்று பார்க்க வேண்டும். தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய ஓட்டைதான் அதற்குச் சரிப்படும், அதுவும் அதிகபட்சம் 4 முதல் 6 மில்லிமீட்டர் அகலம் வரைதான். குத்திய ஆணியைப் பிடுங்கவும் கூடாது. பக்கச்சுவர் கிழிந்தாலோ, ரிம் வளைந்தாலோ, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் உருட்டி டயர் உள்ளுக்குள் நைந்துவிட்டாலோ பாட்டிலால் ஒன்றும் ஆகாது. அப்புறம், அந்தப் பசை உள்ளே போன டயரைப் பஞ்சர் போடுகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள், முகம் சுளிப்பார். உள்ளே முழுக்க வழித்துத் துடைத்தால்தான் ஒட்டுப் பிடிக்கும், சிலர் முடியாது என்றே சொல்லிவிடுகிறார்கள். காற்றழுத்தம் காட்டும் சென்சாரிலும் அது போய் அப்பிக்கொள்ளலாம்.

கார் செய்கிறவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்ந்தால் 15, 20 கிலோ எளிதாக வந்துவிடும். எடை குறைந்தால் எரிபொருள் கணக்கும் புகைக் கணக்கும் கொஞ்சம் அழகாகத் தெரியும், செலவும் மிச்சம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் வேண்டும். காற்றில்லாமலே ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் போட்ட வண்டிகளும் உண்டு, அவை பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை தாங்கும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் போதும். ஆனால் ராத்திரியில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், கைப்பேசியில் சிக்னலும் இல்லாத இடத்தில் நிற்கிறவருக்குப் போதாது. எனக்கு எது போதும் என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? அதைக் கேட்காமலே எடுத்துவிட்டதுதான் என் கோபம்.

ஸ்டெப்னி என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. ஆரம்ப காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. பஞ்சர் ஆனால் சாலையோரத்திலேயே டயரைக் கழற்றி, ஒட்டி, மாட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், வால்டரும் டாமும், 1904இல் ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடித்த டயரைப் போட்டு, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் பிடிப்பான்களால் கவ்வ வைக்கிற மாதிரி செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் இரண்டு பேர் யோசித்துத் தீர்த்த தொல்லையை இன்று மறுபடி நம் தலையில் வைக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, இல்லாத காரில் ஸ்டெப்னியை நாமே சேர்க்க முடியுமா? முடியும். நான் சேர்த்தேன். ஆனால் கிடைத்த சக்கரத்தை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், பொருந்தாத ஸ்டெப்னி இல்லாததைவிட ஆபத்து.

முதலில் பார்க்க வேண்டியது நட் துளைகள் அமைந்த வட்டம். எத்தனை துளை, அந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற இரண்டும் சரியாக ஒத்துப்போக வேண்டும். என் காரில் 5 துளை, 114.3 மில்லிமீட்டர். முதலில் எனக்குக் காட்டப்பட்ட சக்கரம் 5 துளை, 112 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, இரண்டு மூன்று நட்டுகள்கூட உள்ளே போயின. கடைசி நட் சாய்வாகப் போனதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. 2.3 மில்லிமீட்டர் வித்தியாசம். அப்படியே முறுக்கி ஓட்டியிருந்தால் நட் தளர்ந்து சக்கரம் கழன்றிருக்கலாம். நடுத்துளையும் ஹப்பின் மேல், அதாவது வண்டியில் சக்கரம் மாட்டுகிற மையப் பகுதியின் மேல், சரியாக உட்கார வேண்டும், ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கிற அளவும் ஒத்துவர வேண்டும்.

அடுத்தது பிரேக். சின்ன ரிம் என்றால் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிபரில் இடிக்கலாம். முன்சக்கர பிரேக்குதான் பெரும்பாலும் பெரியது, ஆகவே பின்னால் மாட்டிப் பார்த்து ஆயிற்று என்று திருப்திப்படக் கூடாது. நான் ஒரு மதியம் முழுக்க இதற்கே ஒதுக்கினேன். முன்னால் மாட்டி, கையால் மெல்லச் சுற்றி, எங்காவது உரசுகிற சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, அதன் பிறகு பின்னாலும் மாட்டிப் பார்த்தேன். காலிபருக்கும் ரிம்முக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போயிற்று, அப்போதுதான் நிம்மதி.

டயரின் மொத்த உயரமும் முக்கியம். என் காரின் டயர் 205/55 ஆர் 16. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், அது மேலும் கீழும் இரண்டு முறை, அதனுடன் 16 அங்குல ரிம். கணக்குப் போட்டால் சுமார் 632 மில்லிமீட்டர் வருகிறது. தற்காலிக ஒல்லி ஸ்டெப்னிகளில் டி 125/90 ஆர் 16 என்று ஒரு அளவு உண்டு, அதைக் கணக்குப் போட்டால் 631 சொச்சம். அகலத்தில் இவ்வளவு ஒல்லி, ஆனால் உயரம் அச்சு அசலாக அதே! கடையில் அளவு நாடா வைத்துப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் உயரம் வேறு வேறாக இருந்தால் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி ஓயாமல் உழைத்துச் சூடேறும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் இதில் விளையாடவே வேண்டாம், அதே அளவு முழுச் சக்கரம்தான் பாதுகாப்பு. ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்கிற சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் 615 கிலோ, 98 என்றால் 750 கிலோ. நம் டயரில் இருக்கும் எண்ணுக்குக் குறையக் கூடாது. மின்சாரக் கார்கள் எடை அதிகம் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நட், போல்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஹப்பில் மரை போட்ட தண்டு நீட்டிக்கொண்டு நட் போடுகிற வண்டி ஒரு வகை, போல்ட்டை உள்ளே திருகுகிற வண்டி இன்னொரு வகை. அலாய் ரிம் தடிமனாக இருக்கும், இரும்பு ரிம் மெல்லியது. அலாய்க்குப் போட்ட நீளமான போல்ட்டையே மெல்லிய இரும்பு ரிம்முக்கும் போட்டால் அது உள்ளே அதிகம் நீண்டு பிரேக் பாகங்களில் இடிக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்குக் குட்டையான போல்ட்டுகள் தனியாக வாங்கி ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். நட் உட்காரும் இடம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்முக்கு ஏற்ப மாறும்.

பழைய வண்டியை உடைத்து விற்கிற இடத்தில் ஸ்டெப்னி கிடைக்கும். ஒரு நாளும் ஓடாதது, மேல் ரப்பர் முடிகூட உதிரவில்லை என்று காட்டுவார்கள். உண்மையாகவே ஓடியிருக்காது. ஆனால் ரப்பருக்கு ஓடாமலே வயதாகும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எனக்கு வந்தது பதினோரு வயது டயர், நகத்தால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ரிம்மை மட்டும் வாங்கிக்கொண்டு டயரைப் புதிதாகப் போட்டேன். பத்து ஆண்டு கடந்ததை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள்.

வைக்கும் இடம். என் காரில் அந்த நுரைத் தட்டைத் தூக்கியதும் அடியில், குழியின் நடுவில், மரை போட்ட ஒரு துளை இருந்தது. ஸ்டெப்னியை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுக்கான துளை அது! இடமும் இருக்கிறது, மாட்டவும் வழி இருக்கிறது, சக்கரத்தை மட்டும் கொடுக்கவில்லை. எல்லாக் காரிலும் இப்படி அமையாது, சிலவற்றில் பேட்டரியோ ஸ்பீக்கரோ குழியில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் நெடும்பயணத்துக்கு மட்டும் டிக்கியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தரையில் உள்ள கொக்கிகளில் பட்டைப் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத சக்கரம் ஒரு மோதலில் பின்சீட்டை நோக்கிப் பறந்து வரும், அங்கே உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

ஜாக்கி இல்லாமல் ஸ்டெப்னி வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. ஸ்டெப்னி இல்லாத காரில் அநேகமாக ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்காது. வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக்கி, நட்டுக்குச் சரியான ஸ்பேனர், பூட்டு நட் இருந்தால் அதன் சாவி, மண் தரையில் ஜாக்கி புதையாமலிருக்க ஒரு பலகைத் துண்டு, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஜாக்கி வைக்கும் இடம் கையேட்டில் இருக்கும், மின்சாரக் காரில் தவறிப்போய் பேட்டரிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

ஒல்லி ஸ்டெப்னிக்குக் காற்று 60 பிஎஸ்ஐ, மற்ற டயர்களைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு. மாதாமாதம் மற்ற நான்கையும் பார்க்கும்போது அதையும் பாருங்கள், பழைய பம்பு இதற்கு உதவும், தூக்கிப்போட வேண்டாம். மாட்டினால் மணிக்கு 80 கிலோமீட்டர்தான், பஞ்சர் ஒட்டும் இடம் வரைக்கும்தான். முன்சக்கரம் இழுக்கிற காரில் முன்னால் பஞ்சர் ஆனால், பின்னால் இருக்கும் நல்ல டயரை முன்னுக்கு மாற்றி, ஒல்லியைப் பின்னால் போடுவது நல்லது. மழையில் வேலை இரட்டிப்புதான், ஆனாலும் செய்யுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் புதிய கார்களைப் பற்றி எழுதும்போது விலைக்கும் மைலேஜுக்கும் பக்கத்தில் ஸ்டெப்னி உண்டா, முழு அளவா ஒல்லியா, இல்லையென்றால் குழியில் இடமாவது உண்டா என்று ஒரே ஒரு வரி சேருங்கள். விற்கிறவர்களும் விலைப்பட்டியலில் அதைப் பெரிய எழுத்தில் போடட்டும், வேண்டுகிறவர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு வழி வைக்கட்டும். பாட்டிலோடு விற்ற வண்டி சர்வீசுக்கு வரும்போது ஆயில் தேதியைப் பார்ப்பது போல அந்தப் பாட்டிலின் தேதியையும் பார்த்துச் சொல்லட்டும். நான்கு ஆண்டில் என் வண்டி எத்தனையோ முறை சர்வீசுக்குப் போய் வந்தது, ஒருவர்கூட அந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்