கணக்கியல் சோதனைகளை இணையத்தில் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆய்வாளர்களே,

'கவனமில்லாதவர்கள்' என்று முத்திரை குத்தி, தரவிலிருந்து நாம் கழித்துக்கட்டும் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் நடத்திய சோதனை ஒன்றில், பங்கேற்பாளர் தம்மை முதலீட்டாளராக நினைத்துக்கொண்டு, ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கைப் படித்துப் பங்கின் மதிப்பைச் சொல்ல வேண்டும். லாபம் குறைந்ததற்கு நிர்வாகம் தரும் விளக்கம் ஒரு குழுவுக்கு மட்டும் வரும். கடைசியில், 'சென்ற ஆண்டைவிட லாபம் கூடியதா, குறைந்ததா?' என்று ஒரு கேள்வி. நிறையப் பேர் தப்பாகச் சொன்னார்கள். காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்கிறார்கள் என்று எரிச்சலோடு நீக்கப் போனேன். அப்புறம் ஏதோ தோன்றி, என் சோதனையை நானே கைப்பேசியில் திறந்தேன். அட்டவணையில் இந்த ஆண்டின் எண்கள் மட்டுமே தெரிந்தன. சென்ற ஆண்டு திரைக்கு வெளியே நின்றது. விரலால் தள்ளினால்தான் வரும். தள்ளச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை.

குப்பைப் பதில்களே இல்லை என்று சொல்லவில்லை. 2018-இல், சின்னச் சின்ன வேலைகளுக்கு இணையத்தில் ஆள் பிடித்துத் தரும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில், மனிதர்களுக்குப் பதில் 'பாட்' எனும் தானியங்கி நிரல்கள் பதில் சொல்கின்றன என்ற பீதி கிளம்பியது நினைவிருக்கும். இப்போது சாட்பாட் எழுதித் தரும் பதில்கள் வேறு. ஆனால் 2017-இலேயே 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' இதழில் வந்த ஆய்வு, இணையப் பணியாளர்கள் மாணவர்களைவிடக் குறைந்த கூலிக்கும் அவர்கள் அளவுக்கு உழைக்கிறார்கள் என்று காட்டியதே!

எனக்கு உண்மையான கவலை, எப்போது நீக்குகிறோம் என்பதில். ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்த பிறகு நீக்கினால், அந்தக் குலுக்கலுக்கே பொருளில்லை. விளக்கம் வரும் குழுவுக்குப் படிக்க ஒரு பக்கம் கூடுதல். சலித்துப்போய்ப் பாதியில் விடுகிறவர்களும் தவறுகிறவர்களும் அங்கே அதிகமானால், மிஞ்சுவது பொறுமைசாலிகள் மட்டும். வெவ்வேறு கண் அளவுள்ள இரண்டு சல்லடைகளில் சலித்துவிட்டு, மேலே நின்றதை ஒப்பிடுவது போலத்தான் இது. கிடைக்கும் வித்தியாசம் விளக்கத்தால் வந்ததா, சல்லடையால் வந்ததா?

கவனத்தைச் சோதிக்கும் கேள்வியை, ஆட்களைக் குழுக்களாகப் பிரிப்பதற்கு முன்பே வையுங்கள். யாரை நீக்குவது என்ற விதியைத் தரவு வருவதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். எந்தக் குழுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதையும், யாரையும் நீக்காமல் பார்த்தால் முடிவு என்ன என்பதையும் கட்டுரையில் கொடுங்கள். இதழ்களுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களும் 'தவறியவர்களை நீக்கிவிட்டுப் பகுப்பாய்வை மறுபடி ஓட்டுங்கள்' என்று பழக்கதோஷத்தில் எழுதுவதை விட்டால் நல்லது.

'நீங்கள் கணக்காளரா?' என்று முதல் பக்கத்தில் நேராகக் கேட்பதும் வேண்டாம். ஆம் என்றால்தான் வேலை கிடைக்கும் என்பது யாருக்கும் புரியும். பல தொழில்களின் பட்டியலுக்கு நடுவே அதை வையுங்கள்.

கூலி விஷயம் ஒன்று. ஒருவரின் பதிலை நிராகரித்தால் அன்றைய தொகை மட்டும் போவதில்லை. அவருடைய ஏற்பு விகிதமும், அதாவது அவர் செய்த வேலைகளில் ஏற்கப்பட்டவற்றின் சதவீதமும், இறங்குகிறது. 95 சதவீதம் கேட்கும் வேலைகள் ஏராளம்; அவை அவர் கண்ணிலேயே படாமல் போகலாம்.

என் அட்டவணையைத் திருத்தி, புதிய ஆட்களோடு மறுபடி நடத்தினேன். முதல் முறை 'தவறிய' எல்லோருக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர்