சோலைக்கிளி, கிளி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கவால் குரங்கையும் நீலகிரி சோலைக்கிளியையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இரண்டு இடங்களில் மனம் ஒப்பவில்லை.

சோலைக்கிளியைக் கிளி இனத்தில் சேர்த்திருக்கிறீர்கள். பெயர் ஏமாற்றிவிட்டது. மலையாளத்தில் சிறு பறவையையும் கிளி என்பார்கள். அந்தப் பொருளில் வந்த பெயர் இது. உண்மையில் இது குண்டுக்கரிச்சான் என்னும் கறுப்பு வெள்ளைச் சிறு பறவையின் குடும்பம். நீலகிரியில் ஒருநாள் விடிகாலையில், சோலை என்று சொல்லும் உயர்மலைக் காட்டின் ஓரம் அசையாமல் நின்றிருந்தேன். மட்கிய இலைகளுக்கு நடுவே கருநீலமாக ஏதோ தத்தித் தத்திப் போனது. விலாவில் செம்பழுப்பு தெரிந்ததும் மூச்சே நின்றுவிட்டது.

இதை எங்கே வைப்பது என்று அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் இதுவும் ஒரே இனம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு, 2017இல்தான் இவற்றுக்கு ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் கிடைத்தது. நம் சோலை அப்படியே அந்தப் பெயரில் இருக்கிறது! குரங்குக்கோ, உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த சைலினஸ் என்ற இனப்பெயர் இன்றும் நிற்கிறது. அதற்கு நெருங்கிய சொந்தம் பக்கத்திலேயே திரியும் நாட்டுக்குரங்கு இல்லை, தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்குகள்.

அப்புறம், குரங்கைக் காப்பாற்றினால் பறவையும் பிழைத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உயிரினங்களின் அழியும் ஆபத்தைத் தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஒரே படியில், அருகிய இனமாக இருப்பது சரி. ஆனால் குரங்கு பெரும்பாலும் மலைச்சரிவின் மழைக்காட்டில், மர உச்சிகளில் வாழ்வது. பறவையோ அதற்கும் மேலே, பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட சோலைகளில், தரையை ஒட்டி இரை தேடுவது. வால்பாறையில் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அருமையான வேலை. அந்தப் பாலத்தால் இந்தப் பறவைக்கு என்ன பயன்? இருட்டுப் புதரை விட்டு வெட்டவெளிக்கு வரத் தயங்கும் பறவை அது. புல்வெளிக்கு நடுவே தீவு தீவாக இருக்கும் சோலைகளே அதற்கு உலகம். சோலையை அழித்துத் தேயிலையும், சீகையும் (வாட்டில்), கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வைத்த இடங்களில் அந்த உலகம் சுருங்கிவிட்டது. அதற்குச் சோலையையே காக்க வேண்டும், வெட்டிய இடத்தில் திரும்ப வளர்க்க வேண்டும்.

குரங்குக்கு முழுப்பக்கப் படம் போட்டிருந்தீர்கள், மகிழ்ச்சி. திருத்தம் வெளியிடும்போது இந்தப் பறவையின் படத்தையும் தயவுசெய்து போடுங்கள். பலர் இதைப் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
பறவை பார்க்கும் வாசகர் ஒருவர்