கப்பல் கட்டியவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் உறவினர்களை எல்லோரும் முதலில் கோட்டைக்குத்தான் கூட்டிப் போகிறோம், நாங்களும் போனோம். மார்கழி வாடை மதில் மேல் நிற்கவே விடவில்லை. அம்மம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு வானிலேயே இருந்துவிட்டார். அப்புறம் ஊர்காவற்றுறை. அங்கே கடலுக்குள் தெரியும் கடற்கோட்டையும் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்ததுதான்.

காரைநகருக்குப் பாதையில் போகும்போது கூதலில் நடுங்கிக்கொண்டே பெறாமகள் கேட்டாள், "சித்தப்பா, எல்லாம் வெளிநாட்டுக்காரர் கட்டினதுதானா? எங்கட ஆட்கள் ஒன்றும் கட்டேல்லையா?"

கட்டினார்கள், அதுவும் எப்படி! வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். நம்மூர்க் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டிய கப்பல் அது. பிள்ளைக்கு இதைச் சொன்னேன், ஆனால் கோட்டையைக் காட்டியதுபோல் கையை நீட்டிக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சரி என்று வல்வெட்டித்துறைக்கே வானை விடச் சொன்னேன். கரையில் ஒரு பெரியவர், பழைய வள்ளத்தின் பலகை இடுக்கில் விரலை வைத்து, கலப்பற்று என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்கினார். இடுக்குக்குள் பஞ்சை உளியால் அடித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்களாம், அது சரியாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வராதாம். காற்று முகத்தில் உப்பை அள்ளி அடித்துக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கோட்டையில் கால்மணி நேரம் நிற்காத பிள்ளைகள்!

காலியிலும் திருகோணமலையிலும் கடல் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. வல்வெட்டித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ நம் கப்பல் கட்டியவர்களுக்கும் கப்பலை நடத்திய தண்டையல்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். நகரசபை இடம் தரட்டும், பல்கலைக்கழக வரலாற்றுத்துறை பொறுப்பெடுக்கட்டும், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் கைகொடுக்கட்டும். உளி, பாய்த்துணி, பழைய கணக்குக் கொப்பி என்று வீடுகளில் கிடப்பவற்றைக் கறையான் தின்னும் முன் வாங்கி வையுங்கள். கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அந்தப் பெரியவர் போன்றவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த மாதமே யாராவது போங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்