கோடையில் பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டைப் பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடும்போது நூலக அலமாரியையும் சேர்த்துப் பூட்டிவிடும் வழக்கம் மாற வேண்டும் என்று வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் படிப்பதற்கென்று புத்தகங்களை இரண்டு அடுக்குகளாக எடுத்து வைப்பேன். இலக்கணம், உரைநூல்கள், பாடத்துக்குத் துணையாகக் கூடியவை ஓர் அடுக்கு. நாவல், பயணக்கதை, ஊர் வரலாறு என்று என் மனத்துக்குப் பிடித்தவை மற்றோர் அடுக்கு. முதல் அடுக்கைப் பென்சிலும் கையுமாக மேசையில் உட்கார்ந்து படிப்பேன். இரண்டாவது, வெயில் தாழ்ந்தபின் மொட்டைமாடியில். ஆனால் ஜூன் மாதம் வகுப்பை நிமிர்ந்து உட்கார வைப்பது பெரும்பாலும் மொட்டைமாடியில் படித்ததாகவே இருக்கக் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை அப்படித்தான் ஒரு கோடையில் படித்தேன். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போன கதையை எட்டாம் வகுப்பில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். காசிமேட்டு மாணவி ஒருத்தி சட்டென்று எழுந்து, “எங்க ஆயா என் தம்பிய எம்டன்னுதான் மிஸ் திட்டும்” என்றாள். பொல்லாத கெட்டிக்காரனைக் குறிக்க நம் வீடுகளில் வழங்கும் அந்தச் சொல் ஒரு கப்பலின் பெயர் என்று தெரிந்ததும், வேறு எந்தெந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் என்னை விடவில்லை. மறுநாள் ஏழு பேர், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பிறமொழிச் சொற்கள் பற்றிய பாடத்தை அவ்வளவு எளிதாக நான் அதற்கு முன் நடத்தியதில்லை.

எனக்குச் சம்பளம் வருகிறது. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொள்வேன். என் மாணவர்களின் நிலை அதுவன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாள்களில்தான் பள்ளிக்கும் விடுமுறை. வருமானம் சுருங்கிய வீட்டில் கதைப் புத்தகம் வாங்கித் தா என்று கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. கிளை நூலகத்துக்குப் போகலாமே எனலாம். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையைக் கடந்து பத்து வயதுக் குழந்தையைத் தனியே அனுப்பத் தாய்க்கு மனம் வர வேண்டுமே.

கையெட்டும் தூரத்தில் இருப்பது பள்ளி அலமாரி ஒன்றுதான். அதையோ, ஏப்ரலில் புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கி, இருப்புப் பதிவேட்டோடு சரிபார்த்துப் பூட்டிவிடுகிறோம். எல்லாம் பயத்தினால்தான். நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்த ஓராண்டில் மூன்று புத்தகங்கள் குறைந்தன. விலையை நானே கட்ட நேர்ந்தது. தொகை பெரிதன்று, ஆனாலும் அடுத்த கோடையில் நானும் ஒரு புத்தகத்தையும் வெளியே விடவில்லை. அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பாதி படித்திருந்த கதைப் புத்தகத்தில் ஓர் ஐஸ் குச்சியைச் செருகி, “மிஸ், இத எடுத்துடாதீங்க” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். ஜூனில் அலமாரியைத் திறந்தபோது குச்சி அதே பக்கத்தில் இருந்தது. அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தான். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி அரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். பயன்படுத்தினால் சில தொலையத்தான் செய்யும். ஒன்றிய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதபோது, ஓராண்டில் புழங்கும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. சிறுவர் கைகளில் புழங்கும் புத்தகங்களுக்கு இதைவிடத் தாராளமான கணக்கு வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, விடுமுறைக்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு புத்தகங்களையாவது பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்தனுப்பவும், தொலைந்தவற்றுக்குப் பொறுப்பாசிரியரிடம் பணம் கேட்காமல் தலைமையாசிரியரே கணக்கிலிருந்து நீக்கவும் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். படித்து முடித்ததைக் கொடுத்து வேறு புத்தகம் எடுத்துப்போக, மே மாதத்தில் வாரம் ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் அலமாரியைத் திறந்து வைத்தால் போதும். எங்கள் பள்ளியில் அதற்காக வந்து உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.