ரீஸ்டோர் கொடுக்கும் முன் திரையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஐபாட், சான்சா மியூசிக் பிளேயர்களில் ராக்பாக்ஸ் ஏற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்ன விஷயம் சரிதான். ஆர்கோஸ் பிளேயர்களுக்காக 2001 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திறமூல ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள்மென்பொருள்) 2025-இல் 4.0 பதிப்பை எட்டியிருக்கிறது. ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் எல்லாம் பாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாது. பாராமெட்ரிக் ஈக்வலைசர் உண்டு. ஆனால் கட்டுரையின் கடைசியில், "சிக்கல் வந்தால் ஐட்யூன்ஸில் ரீஸ்டோர் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியவில்லை. ரீஸ்டோர் கொடுத்தால் பாட்டெல்லாம் போய்விடும். கோளாறு எங்கே என்பதும் தெரியாமல் போகும். தெரியாவிட்டால் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

ராக்பாக்ஸ் ஏற்றுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பூட்லோடர்: பிளேயரைப் போட்டவுடன் முதலில் ஓடும் சிறிய நிரல். ஐபாட் வீடியோ, மினி, முதல் தலைமுறை நானோ ஆகியவற்றில் இது சேமிப்பகத்தின் தொடக்கத்தில், கணினியில் டிரைவாகத் தெரியாத ஃபர்ம்வேர் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் இருக்கும். ஐபாட் கிளாசிக்கில் தனி ஃபிளாஷ் சிப்பில் போகும். சான்சா கிளிப் பிளஸ்ஸில் கம்பெனி ஃபர்ம்வேர் ஃபைலோடு சேர்த்தே ஏற்றப்படும். இன்னொன்று, பாட்டுகள் இருக்கும் அதே டிரைவில் வைக்கும் '.ராக்பாக்ஸ்' ஃபோல்டர், பெயரின் முதல் எழுத்தே புள்ளி. பூட்லோடர் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் முதன்மை ஃபைலைத் தேடி எடுத்து ஓட்டுகிறது. வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவை. எது என்று பிளேயரின் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்றி முடித்த பிறகும் ஆப்பிள் மெனுவே வருகிறதா? ஃபோல்டரைத் தொட வேண்டாம், பூட்லோடர் ஓடவில்லை என்று பொருள். முதலில் ஹோல்டு ஸ்விட்சைப் பாருங்கள். அது பூட்டிய நிலையில் இருந்தால் ராக்பாக்ஸ் பூட்லோடர் வேண்டுமென்றே ஆப்பிள் மென்பொருளுக்கு வழிவிடும். அது கோளாறு அல்ல, வசதி. அடுத்து, பிளே பட்டனை அழுத்தி ஐபாடை அணைத்தால் அது உண்மையில் அணைவதில்லை, தூங்குகிறது. எழுப்பினால் பழைய மெனுவிலேயே தொடரும். கிளிக் வீல் ஐபாடில் மெனு, செலக்ட் இரண்டையும் சேர்த்து 6 முதல் 8 விநாடி பிடித்தால்தான் முழுமையாக ரீசெட் ஆகும். இரண்டும் சரியாக இருந்தால், பூட்லோடர் எழுதப்படவே இல்லை என்று கொள்ளலாம். விண்டோஸில் ராக்பாக்ஸை ஏற்றும் கணினி நிரலான ராக்பாக்ஸ் யுடிலிட்டியை நிர்வாகி உரிமையோடு திறக்காவிட்டால் ஃபர்ம்வேர் பார்ட்டிஷனை நேரடியாகத் தொட அனுமதி கிடைக்காது. அதே சமயம் ஐட்யூன்ஸ் பின்னணியில் திறந்திருந்தால் இரண்டும் ஒரே சாதனத்துக்குச் சண்டை போடும். பின்னொரு நாள் ஐட்யூன்ஸ் வழியாக ஐபாட் மென்பொருளை அப்டேட் செய்தாலும் பூட்லோடர் அழிந்துபோகும். அப்போது பூட்லோடரை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

திரையில் சின்ன எழுத்தில் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் நிலைமை நேர் எதிர். பூட்லோடர் நன்றாக ஓடுகிறது, தேடிய ஃபோல்டர்தான் கிடைக்கவில்லை. பிளேயர் செத்துவிட்டதாக நினைத்துப் பலர் தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான். இவ்வளவு எளிதாகச் சரியாகும் கோளாறு வேறில்லை. ஜிப் ஃபைலை விண்டோஸில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்தால் ஜிப்பின் பெயரிலேயே புதிய ஃபோல்டர் ஒன்று உருவாகி, '.ராக்பாக்ஸ்' அதற்குள் ஒரு படி கீழே மாட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுத்து டிரைவின் முதல் மட்டத்தில், வேறெந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வைக்க வேண்டும். மேக் கணினியில் புள்ளியில் தொடங்கும் பெயர்களை ஃபைண்டர் மறைத்துவிடும். கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். "இப்போது பிளேயரைக் கணினியில் எப்படி இணைப்பது?" என்ற கேள்விக்கும் அந்தத் திரையிலேயே பதில் இருக்கிறது: மெனுவும் செலக்டும் பிடித்து ரீசெட் செய்து, உடனே செலக்டும் பிளேயும் பிடித்தால், கணினியில் டிரைவாகத் தெரியும் டிஸ்க் மோடு வரும். இந்த மோடு ஐபாடின் வட்டில் அல்ல, தனி ஃபிளாஷ் ரோம் சிப்பில் இருப்பதால், ஃபர்ம்வேர் பார்ட்டிஷன் எவ்வளவு கெட்டிருந்தாலும் எழுந்து வரும். கட்டுரையில் ரீஸ்டோர் என்று எழுதிய இடத்தில் இந்த இரண்டு பட்டன்களை எழுதியிருக்க வேண்டும்.

"பேட் செக்சம்" என்பது கொஞ்சம் நுட்பமான செய்தி. முதன்மை ஃபைலின் தலைப்பில் ஒரு கூட்டுத்தொகை பதிவாகியிருக்கும். பூட்லோடர் ஃபைலை வாசித்துத் தானும் கூட்டிப்பார்த்து ஒப்பிடும். காப்பி முடியுமுன் கேபிளைப் பிடுங்கினால் கணக்கு உதைக்கும். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்குவதுதான் இங்கே முதல் குற்றவாளி. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. கூட்டல் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, மாடலுக்கென்று ஒதுக்கிய எண்ணில் தொடங்குகிறது. எல்லா ஐபாடுக்கும் முதன்மை ஃபைலின் பெயர் ஒன்றே. ஆகவே மினி இரண்டாம் தலைமுறையில் முதல் தலைமுறைக்கான ஜிப்பைப் போட்டால் ஃபைல் கிடைக்கும், பழுதும் இருக்காது, செக்சம் மட்டும் ஒத்துப்போகாது. எத்தனை முறை டவுன்லோடு செய்தாலும் அதேதான் வரும்.

மாடலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். மினியில் வீல் மேல் உள்ள எழுத்து சாம்பல் நிறமென்றால் முதல் தலைமுறை, உடலின் நிறத்திலேயே இருந்தால் இரண்டாவது. நானோவில் முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் பளபளக்கும் உலோகம் என்றால் முதலாவது; உடல் முழுக்க அலுமினியம் என்றால் இரண்டாவது. சான்சா ஃபியூஸில் வெளியே வித்தியாசமே தெரியாது. சிஸ்டம் இன்ஃபோவில் ஃபர்ம்வேர் எண் 01 என்று தொடங்கினால் வி1, 02 என்றால் வி2. எரோஸ் கியூ ரகப் பிளேயர்களில் ஒரே மாடலின் உள் வன்பொருள் பல முறை மாறியிருக்கிறது. அங்கே ரிவிஷனைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

மேக்கில் ஃபார்மட் செய்த ஐபாடில் ராக்பாக்ஸ் ஓடாது. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பை அதற்குப் படிக்கத் தெரியாது, விண்டோஸின் ஃபேட் 32 அமைப்பு வேண்டும். ரீஸ்டோர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் இது ஒன்று: பாட்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸ் கணினியில் ஐட்யூன்ஸ் வழியாக ரீஸ்டோர் செய்தால் ஃபேட் 32-க்கு மாறிவிடும். பழைய வட்டைக் கழற்றிப் புதியது போட்டாலும் இதுவே வழி, ஏனென்றால் ஃபர்ம்வேர் பார்ட்டிஷன் பழைய வட்டோடு போய்விட்டது. மெமரி கார்டிலும் இந்தத் தொல்லை உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டாக வருகின்றன, விண்டோஸின் ஃபார்மட் ஜன்னலும் பெரிய கார்டுக்கு ஃபேட் 32 காட்டுவதில்லை. அதற்கென்று உள்ள தனிக் கருவியால் செய்துகொள்ள வேண்டும்.

ஐபாட் கிளாசிக்கில் பூட்லோடரை டிஎஃப்யூ மோடில்தான் (ஃபர்ம்வேரை மாற்றுவதற்கென்று உள்ள நிலை) ஏற்ற முடியும். கேபிளில் இணைத்து மெனுவும் செலக்டும் சேர்த்துப் பிடியுங்கள். பாதியில் ரீசெட் ஆவது போலிருக்கும், அங்கே விரலை எடுத்துவிடக் கூடாது. ஏறக்குறைய 12 விநாடியில் திரை முழுக்கக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்புத்திரைதான் டிஎஃப்யூ. பயப்பட ஒன்றுமில்லை, அதே இரண்டு பட்டன்களைப் பிடித்தால் வெளியே வரலாம். ஐட்யூன்ஸ் திறந்திருந்தால் இந்தக் கட்டத்தில் "ரீஸ்டோர் செய்யவா?" என்று முந்திக்கொண்டு கேட்கும். ஆப்பிளின் டிரைவர் கணினியில் இருக்க வேண்டும், ஐட்யூன்ஸ் மட்டும் மூடியிருக்க வேண்டும்.

சான்சா கிளிப் பிளஸ்ஸில் செட்டிங்ஸில் யுஎஸ்பி மோடை எம்எஸ்சி (சாதாரண டிரைவாகத் தெரியும் முறை) என்று மாற்றாமல் தொடங்கவே கூடாது. எம்டிபி என்ற மற்ற முறையில் இருந்தால் அது சாதாரண டிரைவாகத் தெரியாது, யுடிலிட்டியும் கண்டுகொள்ளாது. யுடிலிட்டி கேட்கும் கம்பெனி ஃபர்ம்வேர் ஃபைலின் பதிப்பும் அதற்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடும். பூட்லோடரைச் சேர்த்து ஒட்டிய அந்த ஃபைல் மெமரி கார்டில் இருந்தால் பயனில்லை, உள் நினைவகத்தின் முதல் மட்டத்தில் இருக்க வேண்டும். கேபிளை எடுத்ததும் தானாக அப்டேட் ஓடும். அந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்துபோனால் சிக்கல் பெரிதாகும் என்பதால் நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்காருங்கள். எந்தப் பிளேயராக இருந்தாலும் கணினி கண்டுகொள்ளவே இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது.

ராக்பாக்ஸ் திறந்து, சற்று நேரத்தில் "பானிக்" அல்லது "டேட்டா அபார்ட்" என்று நின்றால் நிறுவலில் தவறில்லை. '.ராக்பாக்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் பாருங்கள், பழைய தீம்தான் காரணமென்றால் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் விண்டோஸில் செக் டிஸ்க் ஓட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஐபாட் வீடியோவிலும் கிளாசிக்கிலும் ரீசெட் செய்தவுடன் செலக்டும் ரீவைண்டும் பிடித்தால் டயக்னாஸ்டிக் மோடு வரும். அதில் ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ரீஅலாக்ஸ், பென்டிங் செக்டர்ஸ் (கெட்டுப்போன, கெட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகள்) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். அவை நூறுகளில் இருந்தால் எந்த ஃபர்ம்வேரும் அந்த வட்டைக் காப்பாற்றாது. வட்டுக்குப் பதில் ஃபிளாஷ் கார்டு போட்டவர்கள் கார்டு போலியா என்று எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் கார்டில், நிரம்ப நிரம்பப் பழைய பாட்டுகள் கெட்டுக்கொண்டே வரும்.

"பாட்டைக் காணோம்" என்ற புகாருக்கும் ஒரு விளக்கம் தேவை. ஐட்யூன்ஸ் பாட்டுகளை எஃப்00, எஃப்01 என்ற ஃபோல்டர்களில் நான்கெழுத்துக் கிறுக்கல் பெயர்களோடு போட்டு வைக்கும். ஃபைல் பட்டியலில் தேடினால் அடையாளம் தெரியாது. டேட்டாபேஸை ஒரு முறை இனிஷியலைஸ் செய்தால் பாடகர், ஆல்பம் வாரியாக வந்துவிடும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தனியாகக் கிடைக்கும் ஃபாண்ட் தொகுப்பை ஏற்றி யூனிஃபாண்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் வரும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை ராக்பாக்ஸ் தமிழுக்கு இன்னும் செய்வதில்லை. தெரிந்தவர்கள் யாராவது அந்த வேலையை எடுத்துச் செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ராக்பாக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால், முதலில் யுடிலிட்டியில் அன்இன்ஸ்டால் கொடுத்துப் பூட்லோடரை நீக்குங்கள். ஃபோல்டரை அழிப்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றி ஃபோல்டரை மட்டும் அழித்தால், பிளேயரைப் போடும் ஒவ்வொரு முறையும் பூட்லோடர் அதைத் தேடி "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்