பாப்பாவுக்கு: ஐப்பசியிலேயே தாலி ஏறட்டும்

அன்புள்ள பாப்பா,

கொரோனாவால் நின்றுபோன கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதாக என் அண்ணன் சொன்னார். வேண்டாம் மா. ஐப்பசியில் குறித்த நாளிலேயே, நம் தோட்டத்து (எஸ்டேட்) மாரியம்மன் கோயிலில் வைத்துவிடுவோம். நம் மலேசியாவில், இந்தச் சுங்கை சிப்புட் பக்கம் உன்னைப் போலவே கையைப் பிசைந்துகொண்டிருக்கும் பெண்கள் நிறைய பேர். அதனால்தான் போனில் சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இந்த 2020 மார்ச் 16 இரவு பிரதமர் டிவியில் பேசி, 18-ஆம் தேதியிலிருந்து நடமாட்டக் கட்டுப்பாடு என்றதும் உன் கல்யாணம் நின்றது. ஈப்போ மண்டபம், எண்ணூறு பேருக்குப் பத்திரிகை, எல்லாம் வீட்டோடு முடங்கியது. அப்போது தள்ளிப் போட்டது சரிதான். இப்போது நிலைமை வேறு. ஜூன் 10-க்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போக முடிகிறது. ஜூலையில் 250 பேர் வரை வைத்துக் கல்யாணம் செய்யலாம் என்றார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்திய இந்த மீட்சிநிலை ஆணையை டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உன் அப்பாயிக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. எண்ணூறு பேர் வரும் நாளுக்காக அவளைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

250 பேருக்கு அனுமதி இருந்தாலும் நாற்பது பேர் போதும் என்பேன். கோயில் மண்டபத்தில் இடைவெளி விட்டு உட்கார அவ்வளவுதான் இடம். அப்பாயியையும் நடுவில் உட்கார வைக்கப் போகிறோம். பட்டியல் போடும்போது யார் பெரிய மனிதர் என்று பார்க்காதே. சடங்கில் வேலை இருப்பவர்களை முதலில் எழுது. மாலையோடு வரும் தாய்மாமன், முடிச்சுப் போடும் நாத்தனார், பொரி அள்ளிக் கொடுக்க உன் தம்பி, விளக்குப் பிடிக்கும் பெண், அரசாணிக்கால் ஊன்றும் பெரியவர்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோர். இவர்களை எழுதினாலே பாதிப் பக்கம் நிறைந்துவிடும். அடுத்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலத்தில் அப்பாயியோடு விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) நின்று, பக்கத்து நிரையில் ரப்பர் பால் வெட்டிய கிழவிகளில் இன்னும் இருப்பவர்கள். நீ சிறுபிள்ளையாக இருந்தபோது வேலை விட்டு வந்து உன்னைக் குளிப்பாட்டியவர்கள் அவர்கள். அப்பாவின் கம்பெனி ஆட்களும் சட்டமன்ற உறுப்பினரும் உன் பேஸ்புக் தோழிகளும் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று உன் அம்மா பயப்படுகிறாள். விட்டுப்போனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் கோபம்தான் வரும். அண்ணனும் அண்ணியும் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, நிலைமையைச் சொல்லி, ஆசீர்வாதம் கேட்கட்டும். தோட்டத்துக்குள் மட்டும் போன் கூடாது. முகக்கவரி போட்டுக்கொண்டு, வாசலில் நின்றே வீட்டுக்கு வீடு பாக்கு வைக்க வேண்டும். ‘கோயிலுக்கு எல்லோரையும் கூப்பிட முடியவில்லை, சாப்பாடு வீடு தேடி வரும்’ என்று சொல்லிவிட்டு வரட்டும். அந்த ஒரு சொல்லுக்கு நம் ஜனங்கள் கட்டுப்படுவார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் சமையலைப் பற்றி அதிகம் யோசித்து வைத்திருக்கிறேன். பந்தி போட முடியாது. பொட்டலத்தில் சாம்பார் ஒழுகும், தயிர்ச்சோறு வெயிலுக்குப் புளித்துவிடும். நெய்ச்சோறு, புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு வடை போதும். பாயாசம் தனியாக மூடி போட்ட கப்பில். வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. சோற்றைப் பெரிய தாம்பாளங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் இலையில் வைத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்ட வேண்டும். சூட்டோடு மடித்தால் உள்ளே வியர்த்துப் பதினொரு மணிக்கே வாடை வந்துவிடும். கூடவே ஆளுக்கொரு பை புந்தோங் கச்சான் பூத்தே (முறுக்கு, கடலைக் கலவை). கட்டுவதற்கு நாலு பெண்கள் வருகிறார்கள், பேசிவிட்டேன்.

தாலித் தட்டை வழக்கம்போல எல்லோர் கையும் தொட விட வேண்டாம். ஒருவரே ஏந்திக்கொண்டு போகட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடட்டும். அட்சதையைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி முன்கூட்டியே கொடுத்துவிடலாம். ஜொகூரிலும் கூலிமிலும் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே தபாலில் அனுப்பிவிடு. கெட்டிமேளம் கேட்டதும் அவரவர் வீட்டுத் திரையைப் பார்த்துத் தூவட்டும். சிங்கப்பூர்ச் சித்தப்பா எல்லை தாண்டி வந்தால் தனிமைப்படுத்தலில் உட்கார வேண்டும், அவரும் திரையில்தான்.

அந்தத் திரை விஷயத்தை மாப்பிள்ளையின் தம்பியிடம் ஒப்படை, முழுப் பொறுப்போடு. ஸூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். நம் முகூர்த்தம் அதற்குள் அடங்காது, ஒரு மாதத்துக்குக் காசு கட்டிவிடுங்கள். இன்னொன்று: பேச்சைத் தவிர மற்ற ஓசையை ஸூம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். நாதஸ்வரமும் தவிலும் விட்டுவிட்டுக் கேட்கும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று இருப்பதைத் தட்டிவிட வேண்டும். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போன் லைன் எப்படி என்று உனக்கே தெரியும். முந்தின வாரம் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று சோதித்துப் பார்க்கச் சொல்.

பதிவை மறந்துவிடாதே. இந்து முறைப்படி தாலி கட்டினால் மட்டும் சட்டத்துக்குப் போதாது, 1976 சட்டப்படி பதிவும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த விண்ணப்பம் செல்லாது. நீங்கள் மார்ச்சுக்காகக் கொடுத்தது இனி உதவாது. இந்த வாரமே பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள்.

மாலைக்குக் கேமரன் மலைச் செவ்வந்தியும் ரோஜாவும் சொல்லலாம். மார்ச்சில் வாங்க ஆளில்லாமல் பூவைக் கொட்டினார்களே, அவர்களிடமே வாங்கினால் எனக்குத் திருப்தி. மண்டபத்து முன்பண விஷயத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார், நீ அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

என் கல்யாணமும் அந்தக் கோயில் வாசலில்தான் நடந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், தோட்டத்து ஆட்களே கட்டியது. உன் அப்பாதான் பொரி அள்ளிக் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை மா, இன்றுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தலைவரிடம் பேசப் போகிறேன். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், உடல் வெப்பம் பார்க்க யார், மைசெஜாதெரா (வருகையைப் பதியும் போன் செயலி) இல்லாத கிழவிகளுக்குப் பெயர் எழுத நோட்டு எங்கே வைப்பது என்று அவர் கேட்பார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டோடு பேசி, நாற்பது பெயரையும் எழுதி அனுப்பு. அப்பாயி பெயர் முதலில் இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை