சிவப்பு வெளுத்துப்போன போர்டு

தருமபுரி,
ஞாயிறு இரவு

அன்பு மாதுவுக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். போன் போட்டால் இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். இங்கே எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியவனுக்கு ஓசூரிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. பொங்கலுக்கு, நமக்குப் போர்டு எழுதக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாஸ்டர் வீட்டம்மா என்னைக் கண்டதும் உன்னைத்தான் கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டிக்கு 500 ரூபாய் அபராதம் போட்டிருக்கிறார்கள். நோ பார்க்கிங்கில் நிறுத்தினேனாம். நான் கட்டவில்லை, கோர்ட்டுக்குப் போகிறேன்.

பெயிண்ட் வேலைக்கு டர்பன்டைனும் ரெட் ஆக்சைடும் வாங்கக் கடைவீதிப் பக்கம் போனேன். என் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை எங்கே விடலாம் என்று பார்த்தபோது ஒரு கம்பத்தில் போர்டு தெரிந்தது. வெள்ளைத் தகட்டில் கறுப்பாக ஒரே ஒரு ஆங்கில 'பி'. பார்க்கிங்தான் என்று அதன் கீழேயே நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் வந்து பார்த்தால் போலீஸ்காரர் போட்டோ எடுத்து முடித்துவிட்டார். "போர்டு கீழேயே நிறுத்திட்டுப் பேசுறீங்களே" என்றார். "போர்டைப் பார்த்துத்தான் சார் நிறுத்தினேன்" என்றேன். அவர் மேலே பார்க்கவே இல்லை.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன் மாது. அந்த 'பி'யைச் சுற்றி ஒரு காலத்தில் சிவப்பு வட்டம் இருந்திருக்கிறது. குறுக்கே சிவப்புக் கோடும் இருந்திருக்கிறது. தகட்டைச் சாய்வாகப் பார்த்தால் அந்த இடம் மட்டும் லேசாகத் தடித்துத் தெரிகிறது, விரலை வைத்தால் தட்டுப்படுகிறது. நிறம் சுத்தமாகப் போய்விட்டது. உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நம் ஊர் வெயிலுக்கு முதலில் வெளுப்பது சிவப்புதான், கறுப்பு அப்படியே நிற்கும். 'கூடாது' என்று சொல்வது சிவப்பு. அது போய்விட்டால் மிச்சமிருக்கும் 'பி' நிறுத்து என்றுதானே சொல்லும்? இதில் இன்னொன்று, சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் 67-ம் நெறிமுறைப்படி நோ பார்க்கிங் போர்டு நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புப் பட்டை. இரண்டு பட்டை பெருக்கல் குறி போல இருந்தால் நிற்கவே கூடாது. எழுத்தே கிடையாது. 'பி' போட்டதே முதல் கோணல்.

தரையில் மஞ்சள் கோடு இருக்கிறதே என்றார் அந்தப் போலீஸ்காரர். குனிந்து துடைத்துப் பார்த்தேன், வெங்காயச் சருகு மாதிரி கையோடு வந்தது. மண்ணைக் கூட்டாமல் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் தாரில் பிடிக்கவில்லை, புழுதியில் பிடித்திருக்கிறது. மாஸ்டர் இருந்திருந்தால் மூங்கில் குச்சியை எடுத்திருப்பார்.

போக்குவரத்து அபராதத்துக்கான இ-செலான் இணையதளத்தில் சின்னவள் உதவியோடு புகார் பதிந்தேன். வண்டியில் வருகிறவன் கண்ணுக்குப் போர்டு எப்படித் தெரியும் என்று முப்பது அடி தள்ளி நின்று ஒரு படம், பக்கத்தில் ஒன்று, கோட்டுக்கு இரண்டு. ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி மூன்று கேள்வி கேட்டேன்: அந்தத் தெருவை நோ பார்க்கிங் ஆக்கிய உத்தரவு எது, போர்டு எப்போது வைத்தது, கோடு கடைசியாக எப்போது அடித்தது. 30 நாள் முடிகிற சமயத்தில் பதில் வந்தது. உத்தரவு நகல் இருக்கிறது. போர்டு வைத்த தேதி பதிவேட்டில் இல்லை. கோட்டுக்கு வேறு துறையைக் கேட்க வேண்டுமாம். அப்புறம் இணைய நீதிமன்றத்தில் 'கட்டுகிறேன்', 'வழக்காடுகிறேன்' என்று இரண்டு வந்தது, இரண்டாவதை அமுக்கினேன். அடுத்த மாதம் முதல் வாரம் நேரில் வாய்தா.

500 ரூபாயைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறாள் உன் தங்கச்சி. கூலி கெடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் படம் எடுத்துக்கொண்டு நின்ற அரைமணி நேரத்தில் அதே இடத்தில் இன்னும் மூன்று பேர் வந்து நிறுத்தினார்கள். ஒருவர் நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெரியவர், பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தவர். போர்டை நிமிர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டு, வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். நான் ஓடிப்போய்ச் சொல்லி எடுக்க வைத்தேன். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் இது 100 ரூபாய். இப்போது 500, மறுபடி மாட்டினால் 1,500. படித்துப் பார்த்து, கீழ்ப்படிந்து நிறுத்தியவரிடம் இந்தப் பணத்தை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 119-ம் பிரிவு, போர்டு எதைக் காட்டுகிறதோ அதன்படி ஓட்டு என்கிறது. போர்டு வைக்கும் அதிகாரம் 116-ல் அரசுக்கு இருக்கிறது. வைக்கிறவர்கள் அது படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டாமா? முப்பது வருஷம் போர்டு எழுதிய கை மாது இது, எனக்குக் கொதிக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். 2004-ல் ஜில்லா பிரிந்தபோது 'தருமபுரி மாவட்டம்' என்பதை அழித்து 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று ராப்பகலாக எழுதினோமே, அந்தக் கணக்கு நோட்டை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். எந்தப் போர்டு, எந்தத் தேதி, எந்தச் சிவப்பு என்று எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கும். அதில் இன்னும் நிற்கிற இரண்டு மூன்றைப் போய்ப் பார்த்து, பகலில் படம் எடுத்து அனுப்பு. சிவப்பு எப்படிப் போகிறது, கறுப்பு எப்படி நிற்கிறது என்று நீதிபதியிடம் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நோட்டின் அந்தப் பக்கங்களும் வேண்டும், ஜெராக்ஸ் போதும்.

முடிந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா. வண்டியை பஸ் ஸ்டாண்டில் இருக்கும் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிடு.

உன்
முனியப்பன்